வெள்ளைப் பொன் – 18: விதைக்காத ஆண்டு

2000ஆம் ஆண்டு மழைக்காலம் தொடங்கியது. மாலி நாட்டின் தெற்கே, குட்டியாலா வட்டாரத்தில், மாடு பூட்டி உழுத சம்சாரிகள் பலர் அந்த முறை பருத்தி விதையைத் தொடவில்லை. கம்பு போட்டார்கள், சோளம் போட்டார்கள், மக்காச்சோளம் போட்டார்கள். முந்தைய பருவத்தில் 4,59,000 டன் கொட்டைப் பருத்தி விளைந்த நாட்டில் அந்தப் பருவம் 2,42,000 டன்தான் தேறியது. பூச்சியும் வறட்சியும் செய்த வேலையல்ல இது. கிலோவுக்கு 185 ஃபிராங்க் கொடுத்த அரசு நிறுவனம் அடுத்த ஆண்டே சுமார் 150 என்று இறக்கிவிட்டது. உரத்தின் விலை இறங்கவில்லை, உரக்கடனும் இறங்கவில்லை. ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள். பருத்தி போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

கடையடைப்பு என்றால் மறுநாள் காலையில் திறந்துவிடலாம். மானாவாரிப் பருத்திக்கு மே கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை சில வாரங்கள்தான் பட்டம். அது தப்பினால் அந்த வருஷத்துப் பணம் தப்பியது. பள்ளிக்கூடச் செலவு, கல்யாணச் செலவு, உழவு மாடு வாங்கும் காசு எல்லாம் பருத்தியில்தான் வரவேண்டும். அப்படிப்பட்டவர்கள் விதைக்காமல் இருந்தார்கள் என்றால், அதற்குள் ஐம்பது ஆண்டுக் கணக்கு இருக்கிறது.

சென்ற இதழில் ஆபீஸ் து நீஜேர் திட்டத்தைப் பார்த்தோம். பிரெஞ்சு ஆலைகளுக்குப் பஞ்சு வேண்டும் என்று 1932இல் தொடங்கி, நைஜர் ஆற்றை மறித்து, கட்டாய உழைப்பால் வாய்க்கால் வெட்டி, கடைசியில் பருத்தியே அங்கே வேர்பிடிக்காமல் போன கதை. அந்தத் தோல்வியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பாடம் படித்தார்கள். பாசனத்தை விட்டுவிட்டு, மழையை நம்பி விவசாயம் செய்கிற தெற்குப் பகுதிக்குப் போனார்கள். அடித்து வேலை வாங்குவதை விட்டுவிட்டு, விலை சொல்லி வாங்கினார்கள். 1949இல் உருவான பிரெஞ்சு ஜவுளி நார் வளர்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிஎஃப்டிடி, இந்த வழியில்தான் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் கால் ஊன்றியது.

1960இல் மாலி விடுதலை பெற்றது. முதல் ஜனாதிபதி மோதிபோ கெய்ட்டா சோஷலிசம் பேசினார். 1962இல் பிரெஞ்சு நாணய வளையத்தை விட்டே நாட்டை வெளியே கொண்டுவந்தார். அப்படிப்பட்டவரும் பருத்தியில் கைவைக்கவில்லை. பிரெஞ்சு நிறுவனம் தன் வேலையைத் தொடர்ந்தது. 1968இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. மூஸா த்ராவோரே வந்தார். 1974இல்தான் பருத்தி நிறுவனம் மாலிக்காரர்களுடையதாக ஆனது. அரசுக்கு 60 சதவீதப் பங்கு, பழைய பிரெஞ்சு நிறுவனத்துக்கு 40. புதிய பெயர் மாலி ஜவுளி வளர்ச்சி நிறுவனம், சிஎம்டிடி.

பெயரில்தான் ஜவுளி. செய்தது என்னவென்று பார்த்தால் தெற்கு மாலியின் அரசாங்கமே அதுதான். விதை கொடுக்கும், உரம் கொடுக்கும், பூச்சிமருந்து கொடுக்கும். விதைப்புக்கு முன்பே விலை அறிவிக்கும். விளைந்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். லாரி வைத்து எடுத்துப்போகும், ஜின்னிங் ஆலையில் அரைக்கும், பேல் கட்டிக் கப்பலேற்றும். போகிற வழிக்கு மண்சாலை போடும். ஏர்க்கலப்பை செய்யவும் பழுது பார்க்கவும் ஊர்க் கொல்லர்களுக்குப் பயிற்சி கொடுக்கும். பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தும். பருத்திக்குப் போட்ட உரத்தின் மிச்சத்தில் அடுத்த வருஷம் மக்காச்சோளம் நன்றாக வந்ததால், நாட்டின் பருத்தி வட்டாரமே தானிய வட்டாரமாகவும் ஆனது. இவ்வளவுக்கும் ஈடாக நிறுவனம் கேட்டது ஒன்றுதான்: வேறு யாருக்கும் விற்கக் கூடாது. வேறு யாரும் வாங்கவும் முடியாது, சட்டம் அப்படி.

இந்த ஏற்பாட்டில் விவசாயியும் நிறுவனமும் நேருக்கு நேர் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது எடை போடும் நாள்.

பருத்தி எடுத்து முடித்து, நவம்பர், டிசம்பர் வாக்கில், ஊர்ப் பொட்டலில் வெள்ளை வெள்ளையாக அம்பாரம் குவிந்திருக்கும். பருத்தி எடுத்தது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். விற்கப்போவது குடும்பத்தின் மூத்த ஆண். காசும் அவர் கைக்கே வரும். ஒவ்வொரு வீட்டுப் பருத்தியும் தராசுக்கு வருகிறது. எடை பார்ப்பவர் நிறுவனத்து ஆள். முதல் தரமா, இரண்டாம் தரமா என்று சொல்பவரும் அவர். எத்தனை கிலோ என்று தாளில் எழுதுபவரும் அவர். எதிரே நிற்பவருக்கு எழுத்துத் தெரியாது. கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் தாளில் உள்ளதை அவரால் மறுக்க முடியாது.

1974இல், நிறுவனம் மாலிக்காரர்களுடையதான அதே ஆண்டில், குட்டியாலா பக்கத்துச் சில ஊர்கள் முரண்டு பிடித்தன. எடையில் ஏமாற்று, தரத்தில் ஏமாற்று, இனி எடையை நாங்களே போடுகிறோம் என்றார்கள். நிறுவனம் யோசித்துப் பார்த்தது. ஊர்க்காரர்களே எடை போட்டால் அத்தனை ஊருக்கும் ஆள் அனுப்பும் சம்பளம் மிச்சம். சரி, நீங்களே போடுங்கள், அதற்குக் கமிஷன் தருகிறோம் என்றது. இப்படிப் பிறந்தவைதான் மாலியின் கிராமச் சங்கங்கள். கமிஷன் ஊர்ப் பொதுப்பணத்தில் சேர்ந்தது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், கிடங்கு கட்டினார்கள், அரசாங்கம் எட்டிப் பார்க்காத ஊரில் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

கிராமச் சங்கம் என்றால் கணக்கு எழுத ஆள் வேண்டும். பிரெஞ்சு தெரிந்த வாத்தியார்கள் அந்த ஊர்களில் அபூர்வம். ஆகவே பம்பாரா மொழியிலேயே எழுதவும் கூட்டவும் கழிக்கவும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நிறுவனம். தராசு முள்ளைப் படிக்க, பெயருக்கு எதிரே கிலோவை எழுத, உரக்கடனைக் கழித்து மிச்சம் போட. அவ்வளவு படிப்பு போதும் என்று நிறுவனம் நினைத்தது. பருத்திக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் பருத்தி நிறுவனத்தின் கணக்கையும் கேட்பார்கள் என்பதை அது யோசிக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து விவசாயிகள் சங்கத்தை நடத்தியவர்களில் இந்த வகுப்புகளின் மாணவர்கள் பலர் இருந்தார்கள்.

தராசு கைக்கு வந்ததோடு இன்னொன்றும் வந்தது. இனி உரமும் மருந்தும் சங்கத்தின் பெயரில் கடன். 1981இல் தொடங்கிய தேசிய வேளாண்மை வளர்ச்சி வங்கியின் கடனும் சங்கத்தின் பெயரில். ஒரு வீட்டுக்காரர் கட்டாவிட்டால் எல்லோர் பருத்திப் பணத்திலிருந்தும் பிடித்துக்கொள்வார்கள். நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஒருத்தி தவணை தவறினால் மற்ற பெண்கள் வாசலில் போய் நிற்கிறார்களே, ஏறத்தாழ அதே சங்கதி. வங்கிக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை; நூறு வீட்டில் தொண்ணூறு வீடு கட்டினாலும் கடன் முழுசாக வசூலாகிவிடும். ஒழுங்காக உழைத்து 20 மூட்டை கூடுதலாக எடுத்தவர், அடுத்த வீட்டுக்காரர் உரத்தைச் சந்தையில் விற்றுத் தின்ற கடனைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். 1990களில் மாலியின் சங்கங்கள் பல உடைந்தது இதனால்தான்.

1991 மார்ச்சில் தலைநகர் பமாக்கோவின் தெருக்களில் ரத்தம் சிந்திய போராட்டத்துக்குப் பிறகு மூஸா த்ராவோரே வீழ்ந்தார். ராணுவ அதிகாரி அமாது துமானி தூரே இடைக்கால ஆட்சி நடத்தித் தேர்தலுக்கு வழிவிட்டார். தலைநகரில் கட்சிகள் முளைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் குட்டியாலாவில் கிராமச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிக் கோரிக்கைப் பட்டியல் எழுதினார்கள். நிறைவேறாவிட்டால் பருத்தி இல்லை என்று மிரட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1992இல் பருத்தி மற்றும் உணவுப் பயிர் விவசாயிகள் சங்கம், 'சிகோவ்', உருவானது. 1994இல் அரசு, நிறுவனம், விவசாயிகள் என மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்தது. விலை பேசும் மேஜையில் விவசாயிக்கும் நாற்காலி போட்டாயிற்று.

அந்த 1994 ஜனவரியில்தான், பிரெஞ்சு நாணய வளையத்துக்குத் திரும்பியிருந்த மாலியின் காசான சிஎஃப்ஏ ஃபிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியானது. ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 என்று பல பத்தாண்டுகளாக நின்றது 100 ஆனது. டாலரில் விற்கும் பஞ்சுக்கு உள்ளூர்க் காசில் இரண்டு மடங்கு வரவு. உலகச் சந்தையிலும் விலை ஏறிய நேரம். கொள்ளை லாபம்! மதிப்பிறக்கத்துக்கு முன் விவசாயிக்குக் கிலோவுக்கு 85 ஃபிராங்க். ஒரே இரவில் வரவு இரட்டிப்பானது. விவசாயியின் விலையோ படிப்படியாக ஏறி 185 என்ற உயரத்தைத் தொட 1998 ஆயிற்று. அதற்குள் உரமும் மருந்தும் இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை எகிறிவிட்டது. இடையில் சேர்ந்த பணம் எங்கே போனது? நல்ல விலை கிடைத்த வருஷத்தில் சேர்த்துவைத்துக் கெட்ட வருஷத்தில் கொடுக்கவேண்டிய இருப்புநிதி, தேவைப்பட்டபோது போதவில்லை. நிறுவனம் வீங்கியிருந்தது, ஊழல் குற்றச்சாட்டுகள் நீதிமன்றம்வரை போயின. 1999இல் உலக விலை சரிந்தபோது நிறுவனத்தின் பெட்டியில் காற்றுதான் இருந்தது. அடி விவசாயியின் விலையில் விழுந்தது. அதைத் தொடர்ந்ததுதான் விதைக்காத ஆண்டு.

இந்த இடத்தில் வாஷிங்டன் வருகிறது. உலக வங்கி 1990களின் நடுவிலிருந்தே ஒன்றைச் சொல்லிவந்தது: ஒரே ஒரு ஆள் வாங்கினால் விவசாயிக்கு நியாய விலை வராது, நிறுவனத்தை விற்றுவிடுங்கள், நாலு பேர் போட்டி போட்டு வாங்கட்டும். பாரிஸ் எதிர்த்தது. விதை முதல் கப்பல் வரை இணைந்த சங்கிலியை அறுத்தால் உரம் கொடுக்க ஆள் இருக்காது, உற்பத்தி விழும் என்றது. 40 சதவீதப் பங்கு பாரிஸிடம் இருந்ததையும் மறக்க வேண்டாம். இரண்டு தரப்பும் அறிக்கை மேல் அறிக்கை எழுதின. இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. ஜூனில் கடனாகக் கொடுத்த உரம் ஜனவரியில் பருத்தியாகத் திரும்பி வரும்வரை அந்த ஏழு மாத ஆபத்தை யார் தலையில் சுமப்பது என்ற கேள்விக்கு மட்டும் இரண்டிலும் தெளிவான பதில் இல்லை. என் கணிப்பில் ஆப்பிரிக்கப் பருத்திச் சீர்திருத்தத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதன் நூல்கள்.

கடனைக் கவனிக்காமல் சந்தையைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க மாலியை விட்டு வெகு தெற்கே, ஸாம்பியாவுக்குப் போகவேண்டும். அங்கே லின்ட்கோ என்ற அரசு நிறுவனம் இதே வேலையைச் செய்துவந்தது. 1994இல் அதை விற்றார்கள். ஒரு பகுதி லோன்ரோவுக்கு, இன்னொரு பகுதி கிளார்க் காட்டனுக்கு. இரண்டும் தத்தம் பகுதியில் விதையும் பூச்சிமருந்தும் கடனாகக் கொடுத்து வாங்கின. முதல் சில ஆண்டுகள் அமோகம். 1998 வாக்கில் உற்பத்தி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. லாபம் இருக்கிறது என்றதும் புதிய வியாபாரிகள் வந்தார்கள். அவர்கள் விதை கொடுக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. அறுவடை நேரத்தில் ரொக்கத்தோடு வந்தார்கள். கடன் கொடுத்தவன் வந்து கழித்துக்கொள்வதற்குள் ரொக்கம் வைத்திருந்தவன் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அள்ளிக்கொண்டு போனான். விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? பாடப்புத்தகத்தில் எழுதிய போட்டி அதுதானே! கடன் வசூல் படுத்தது. கடன் கொடுப்பது சுருங்கியது. 2000இல் உற்பத்தி 50,000 டன்னுக்கும் கீழே போயிற்று.

லோன்ரோ மூட்டை கட்டியது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துப் பஞ்சு வியாபாரி டுனவான்ட் அதை வாங்கினார். அந்த நிறுவனம் கண்டுபிடித்த வழி எளிமையானது. விவசாயிகளிலேயே நம்பகமான ஆட்களைப் பிடித்து அவர்களை விநியோகஸ்தர் ஆக்கியது. விதையும் மருந்தும் அவர்கள் பெயரில். எவ்வளவு சதவீதம் கடன் வசூலாகிறதோ அதைப் பொறுத்துக் கமிஷன் கூடும். கட்டாதவனுக்கு அடுத்த வருஷம் தரவேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே. வசூல் ஏறியது, 2005 வாக்கில் உற்பத்தி இரண்டு லட்சம் டன்னை நெருங்கியது. அப்புறம் 2006இல் ஸாம்பியாவின் குவாச்சா திடீரென்று வலுத்து, உள்ளூர்க் காசில் பருத்தி விலை இறங்கி, விவசாயிகள் கோபித்துக்கொண்டு மறுபடி கீழே போனது தனிக்கதை. ஸாம்பியாவில் தனியார், மாலியில் அரசு. நாணயம் ஆடினால் இரண்டுமே ஆடுகின்றன.

மாலிக்குத் திரும்புவோம்.

விதைக்காத ஆண்டின் அடி பலமாக விழுந்தது. ஆலைகள் பாதி நேரம் நின்றன, லாரிகள் நின்றன, அரசின் வருமானம் படுத்தது. அந்தப் பருவத்துக்கு 170 என்று விலையை உயர்த்திப் பார்த்தார்கள். அதற்குள் பட்டம் போய்விட்டது. 2001 ஏப்ரலில் பமாக்கோவில் பருத்திக்கென்றே ஒரு பெரிய மாநாடு கூடியது. விவசாயிகள் கேட்டது கிடைத்தது: வரும் பருவத்துக்குக் கிலோவுக்கு 200 ஃபிராங்க். எல்லோரும் விதைத்தார்கள். 5,71,000 டன் விளைந்தது.

அந்த நேரம் பார்த்து உலக விலை விழுந்தது. 2001–02இல் ஒரு பவுண்டு பஞ்சு சராசரி 42 அமெரிக்க சென்ட். முப்பது ஆண்டுகளில் அவ்வளவு தாழ்ந்ததில்லை. கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பவுண்டுக்கு 42 சென்ட் என்றால் கிலோவுக்கு 92 சென்ட். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 675 ஃபிராங்க். ஒரு கிலோ பஞ்சு எடுக்க ஏறத்தாழ 2.4 கிலோ கொட்டைப் பருத்தி வேண்டும். கிலோ 200 வீதம் விவசாயிக்கே 480 போய்விடுகிறது. மிச்சம் இருப்பது 195. அதற்குள் ஊர் ஊராகப் போய் எடுத்துவந்து, அரைத்து, பேல் கட்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் கடற்கரைக்குக் கொண்டுபோய், கப்பல் கூலி கொடுத்து, வங்கி வட்டி கட்டி, சம்பளமும் போடவேண்டும். முடியாது. விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும் நிறுவனம் கையிலிருந்து போட்டது. 2000இல் விவசாயி காசில்லாமல் கிடந்து நிறுவனத்தைப் பணியவைத்தார். அடுத்த ஆண்டு நிறுவனம் கடனாளியாகி உலக வங்கியிடம் பணிந்தது. 2002 செப்டம்பரில் ஐவரி கோஸ்ட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, மாலிப் பஞ்சு அபிஜான் துறைமுகத்துக்குப் போகும் பாதையும் அடைபட்டது. பட்ட காலிலே படும்.

விலை ஏன் அப்படி விழுந்தது என்ற கேள்விக்கு ஒரு பதில் அமெரிக்காவில் இருந்தது. அங்கே சுமார் 25,000 பருத்தி விவசாயிகளுக்கு அந்தச் சமயத்தில் ஆண்டுக்கு 300 கோடி டாலர் அளவுக்கு அரசு மானியம் போனது. சந்தையில் எந்த விலை போனாலும் அவர்களுக்குக் கவலையில்லை, விளைத்துத் தள்ளினார்கள். சந்தையைத் திற, மானியத்தை நிறுத்து, விலையைச் சந்தை முடிவு செய்யட்டும் என்று பமாக்கோவுக்குப் புத்தி சொன்ன நிறுவனங்களின் தலைமையகமும் அந்த மானியத்துக்கு வாக்களித்த நாடாளுமன்றமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. நடந்து போகிற தூரம்.

மாலி, புர்கினா ஃபாசோ, பெனின், சாட் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து இதை உலக வர்த்தக அமைப்பில் எழுப்பின. இதற்குள் தேர்தலில் வென்று ஜனாதிபதியாகியிருந்த அமாது துமானி தூரேயும் புர்கினாவின் பிளேஸ் கொம்பாவோரேயும் 2003 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கூட்டாகக் கட்டுரை எழுதினார்கள். செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூனில் மாநாடு. வரைவுத் தீர்மானத்தில் இவர்களுக்குக் கிடைத்த பதில், பருத்தியை நம்பியிருக்கும் பொருளாதாரங்கள் வேறு தொழில்களுக்கு மாற உதவலாம் என்பது. பக்குவமாகச் சொன்னால், பருத்தியை விட்டு வேறு ஏதாவது பாருங்கள். மாநாடு குலைந்தது. பின்னாளில் இதே மானியத்துக்கு எதிராக வழக்குப் போட்டு வென்றது பிரேசில். 2014இல் அமெரிக்கா 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பணம் பிரேசில் பருத்தி விவசாயிகளின் அமைப்புக்குப் போனது. மாலி வழக்குப் போடவில்லை. வழக்காடவும் வசதி வேண்டும்.

உள்ளூரில் சீர்திருத்தம் காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சாலையும் எழுத்தறிவும் இனி நிறுவனத்தின் வேலையல்ல என்று வெட்டினார்கள். ஆட்குறைப்பு செய்தார்கள். கிராமச் சங்கங்களைச் சட்டப்படி கூட்டுறவுகளாக மாற்றினார்கள்; 2007இல் அவற்றுக்கு ஒரு தேசிய ஒன்றியமும் வந்தது. குட்டியாலாவில் இருந்த பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலையை 2005இல் தனியாருக்குக் கொடுத்தார்கள். ஆலை நொடித்தது, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், தனியார்மயம் என்றால் என்னவென்று அந்த ஊருக்குப் புரியவைக்க வேறு பிரசாரம் தேவைப்படவில்லை.

2005இல் விலையை உலகச் சந்தையோடு பிணைக்கும் புதிய முறை வந்தது. 210 ஆக இருந்த விலை 160 ஆனது. அதே சமயம் சிஎஃப்ஏ ஃபிராங்க் யூரோவோடு கட்டப்பட்டிருந்ததும், யூரோ டாலருக்கு எதிராக வலுத்துக்கொண்டே போனதும் இன்னொரு அடி. 2001இல் ஒரு டாலருக்கு 730 ஃபிராங்க் கிடைத்தது. 2008இல் 450 பக்கம். பருத்திப் பணமும் மாதக்கணக்கில் இழுத்தடித்துக் கைக்கு வந்தது. இந்த முறை யாரும் கூட்டம் போடவில்லை, கோரிக்கை எழுதவில்லை. ஒவ்வொரு குடும்பமாகப் பருத்தியிலிருந்து விலகியது. 2003–04இல் 6,20,000 டன். 2007–08இல் மறுபடி 2,42,000. விதைக்காத ஆண்டில் வந்த அதே எண். 2000இல் அது உலகச் செய்தி. 2007இல் அதிகாரிகளின் அறிக்கையில் ஒரு வரி. சத்தமில்லாமல் போகிறவர்களை எந்த அமைச்சரும் அழைத்துப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாலியில் மழையும் பருத்தியும் தானியமும் அதிகமுள்ள வட்டாரம் சிக்காசோ. சவலைப் பிள்ளைகள் அதிகமாக இருப்பதாகக் கணக்கெடுப்புகள் காட்டிய வட்டாரங்களில் அதுவும் ஒன்று. பொருளியலாளர்கள் இதற்கு 'சிக்காசோ முரண்' என்று பெயர் வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். பருத்திப் பணம் குடும்ப மூத்தவரின் கைக்கு வருகிறது, பருத்தி எடுத்த பெண்ணின் கைக்கு வருவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தனியார்மயம் பற்றிய அறிக்கைகளில் இதைத் தேடிப் பயனில்லை.

2008இல் நாடாளுமன்றம் தனியார்மயச் சட்டத்தை நிறைவேற்றியது. நிறுவனத்தை நான்கு துணை நிறுவனங்களாகப் பிரித்தார்கள். வாங்க ஆள் தேடினார்கள். 2012 மார்ச்சில் ராணுவக் கவிழ்ப்பு, வடக்கில் போர், விற்பனை அப்படியே நின்றது. பத்து வருஷத்துக்கு மேலாக எழுதிய திட்டம் கடைசியில் ஒரு சிப்பாய்க் கலகத்தில் தொங்கிப்போனது. சிஎம்டிடி இன்றும் அரசு நிறுவனம்தான். ஆப்பிரிக்காவில் சீர்திருத்தத்தை இழுத்தடித்த நாடு என்று பெயர் வாங்கிய மாலி, 2017–18இல் 7 லட்சம் டன்னைத் தாண்டிச் சாதனை படைத்தது. உர மானியமும் ஏறிய உலக விலையும் கைகொடுத்தன. தனியார்மயம் தோற்றதால் ஜெயித்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மானியப் பணம் அரசின் பெட்டியில் இருக்கும்வரை ஓடுகிற வண்டி அது.

ஓடவில்லை என்பது 2020இல் தெரிந்தது. முந்தைய பருவத்தில் கிலோவுக்கு 275 ஃபிராங்க். கொரோனா வந்தது, உலகமெங்கும் ஜவுளி ஆலைகள் மூடின, பஞ்சு விலை சரிந்தது. விதைப்புக்கு முன் வந்த அறிவிப்பு: 200. உர மானியம் உண்டா இல்லையா என்பதிலும் குழப்பம். கூட்டுறவுகள் கொதித்தன. அரசு பின்வாங்கி 250 என்று உயர்த்தியது. அதற்குள் பட்டம் போய்விட்டது, இருபது ஆண்டுக்கு முன்பு போலவே. விளைந்தது 1,47,000 டன். நடுவே ஆகஸ்டில் இன்னொரு ராணுவக் கவிழ்ப்பு.

2021இல் புதிய ஆட்சியாளர்கள் அறிவித்த விலை 280. குட்டியாலாவிலும் சிக்காசோவிலும் விதைத்தார்கள்; ஏழரை லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது.

அதே மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் வேறு வழியில் போனது. அங்கே ஜின்னிங் ஆலைகள் தனியாருக்குத் திறக்கப்பட்டன. அந்தத் தொழிலில் வளர்ந்த ஒரு வியாபாரி, பத்ரீஸ் தலோன், 2016இல் நாட்டின் ஜனாதிபதியே ஆனார். அது அடுத்த இதழில்.

(தொடரும்)